மூழ்கினால் அசல் கருங்காலியா?

எங்கள் ஷிப்டில் முப்பது பேர். இருபது பேர் கழுத்தில் கருங்காலி மாலை, ஒன்பது பேர் கையில் கருங்காலிக் காப்பு. மீதி ஒருத்தி நான்.

ஒரகடத்தில் கார்களுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் வார்க்கும் தொழிற்சாலை அது. மெஷின் பக்கம் நிற்பவர்கள் கையிலும் கழுத்திலும் எதையும் போடக் கூடாது என்று உள்ளே நுழையும் இடத்திலேயே ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தாண்டும்போது காப்பைக் கழற்றி சாக்ஸுக்குள் சொருகிக்கொள்வார்கள். செவ்வாய் கிரகத்தின் சக்தியை இழுத்து உடம்புக்குள் அனுப்பும் மரம், எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவுக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கு மூக்கு இருந்தால் என்ன கதி என்று ஒருநாள் கேண்டீனில் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தயிர் வாங்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள்.

மரத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. சொல்லப்போனால் எனக்குப் பிடித்த மரம். கல்லூரியில் மெட்டீரியல்ஸ் பாடம் நடத்தியவர் இரும்பு, அலுமினியம் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டதால் மரங்களைப் பற்றி நானாகத் தேடிப் படித்தேன். கருங்காலி முழுக்கக் கறுப்பாக வளர்வதில்லை. வெளிப்புறம் வெளுத்துத்தான் இருக்கும், உள்ளே வைரம் பாய்ந்த பகுதி மட்டும் கறுப்பு. இழை தெரியாத அளவுக்கு நெருக்கம். அறுக்கப் போனால் வாளின் பல் மழுங்கும், ஆணி அடித்தால் ஆணி வளையும். அதனால்தான் வயலினில் விரல் ஓடும் பலகைக்கும் பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கும் அதைத் தேடிப் போனார்கள். அதனால்தான் நம் ஊரில் அதை உலக்கையாக்கி நெல்லின் மேல் போட்டார்கள். எத்தனை ஆயிரம் தடவை இடித்தாலும் சிலும்பாது. ஒரு மரத்துக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

ஆனால் அது அவசரப்படாத மரம். நட்டவர் கண்ணால் அதன் வைரத்தைப் பார்ப்பது அபூர்வம். அப்படிப்பட்ட மரம் ஒரே வருடத்தில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக, வேர்க்கடலைக்குப் பக்கத்தில், ஹெட்போன் ஒயருக்குப் பக்கத்தில் எப்படி வந்து குவிந்தது? நாட்டில் காடு இவ்வளவுதான் இருக்கிறது, கழுத்து இத்தனை கோடி இருக்கிறது. இந்த எளிய வகுத்தல் என்னோடு பி.இ. முடித்தவர்களுக்கே வரவில்லை.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பரிசோதனை. தண்ணீரில் போடு, மூழ்கினால் ஒரிஜினல். ஒவ்வொரு வண்டிக்காரரும் ஒரு கண்ணாடி டம்ளர் வைத்திருப்பார். மணியைப் போடுவார், அது விறுவிறுவென்று கீழே போகும், சுற்றி நிற்பவர்கள் கற்பூரம் ஏற்றியதைப் போல முகம் மலர்வார்கள்.

இதில் நான் மூக்கை நுழைத்தது எங்கள் ஷிப்ட் இன்சார்ஜால். என் வேலை லேபில். ரப்பரின் அடர்த்தி பார்ப்பது அதில் தினசரிப் பாடு. பொருளைக் காற்றில் ஒருதரம் எடை போட வேண்டும், நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொருதரம் எடை போட வேண்டும். எண் வந்துவிடும். தண்ணீருக்கு ஒன்று என்றால் அதற்கு எவ்வளவு என்று தராசு சொல்லும். இன்சார்ஜ் ஒருநாள் டீ நேரத்தில் லேபுக்குள் வந்து தன் மாலையை என் மேஜைமேல் வைத்தார்.

"நம்மளுது ஒரிஜினல்மா. சும்மா பாத்துச் சொல்லு. தண்ணில போட்டான், கல்லு மாதிரி கீழ போச்சு."

"கல்லும் கீழதான் சார் போகும். கல்லையே கட்டிக்கினு போயிருக்கலாமே."

"பேசாம பாரும்மா."

பார்த்தேன். மணியின் துளைக்குள் காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும் என்பதால் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு ஒழுங்காகவே பார்த்தேன். ஒன்று புள்ளி மூன்று எட்டு. எந்தக் கருங்காலியும் அவ்வளவு கனம் இருக்காது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது மணியின் நடுவில் வட்டமாக மெல்லிய கோடு ஓடியது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விழும் கோடு. எங்கள் புஷ்ஷில் தினம் பார்க்கிற அதே கோடு.

"சார், இது மரத்துல வெளஞ்சதில்ல. பிசின்ல மரத்தூளும் கரியும் கலந்து அச்சுல அடிச்சிருக்காங்க. நம்ம புஷ் அடிக்கிற மாதிரியே."

அவர் மாலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தராசைப் பார்த்தார். "இந்த மெஷினுக்கு கேலிப்ரேஷன் எப்பம்மா முடியுது?" என்றார்.

அவர் வாங்கிய மணி தப்பாக இருக்க முடியாது, தராசுதான் தப்பு. பன்னிரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர்.

செய்தி பரவியது. டீ நேரத்தில் வரிசை. எனக்கும் விஷமம் தாங்கவில்லை. தொழிற்சாலைக்கு வரும் சரக்குக்குக் கட்டுவதைப் போல நல்லதற்குப் பச்சை அட்டை, கெட்டதற்குச் சிவப்பு அட்டை என்று வெட்டி வைத்துக்கொண்டு மாலை மாலையாகக் கட்டி அனுப்பினேன். வந்தவற்றில் முக்கால்வாசி ஏதோ லேசான மரம். கறுப்புச் சாயத்தில் முக்கி மெழுகு தேய்த்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே பால்கோவா நிறம். டம்ளரில் மூழ்கிக் காட்டிய மணி வேறு, கட்டிக் கொடுத்த மணி வேறு. கொஞ்சம் பிசின் மணி. நிஜமான வைரக் கட்டையில் கடைந்தது மொத்தமே இரண்டுதான். சிவப்பு அட்டை வாங்கியவர்களில் ஒருவர்கூட மாலையைக் கழற்றவில்லை. அட்டையைத்தான் கழற்றிப் போட்டார்கள். பச்சை வாங்கிய இருவரும் அட்டையோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். மூளையையும் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட முடிந்தால் எத்தனை மிதக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

வீடு என்பது அக்கா வீடு, வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம். அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய நாலு வயதுப் பெண், நான். மாமா ஒரு வண்டித் தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் இருந்தார். காற்றழுத்தத்தில் ஓடும் 'கன்' என்ற கருவியால் நட்டு முறுக்கும் வேலை. ஆறு வருடம் கான்ட்ராக்டில் நின்று, வருடாவருடம் பேட்ஜ் மாற்றிக்கொண்டு, போன வருடம்தான் பெர்மனென்ட் ஆனவர். அந்த நீல நிற அடையாள அட்டை வந்த அன்று அக்கா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் பெர்மனென்ட் என்ற சொல்லைச் சொந்தமாக வைத்திருந்த ஒரே ஆள் அவர். நானே இன்னும் டிரெய்னி.

ஒரு சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மாமா பேப்பர் போடப் போறாராம்டி."

"இன்னா பேப்பரு?"

"வேலய வுடறாராம். திங்கக்கெழம குடுக்கப் போறாராம். கோயில் தெருவுல கட புடிச்சி கருங்காலி விக்கப் போறாராம். மூட்ட வந்து எறங்கிடுச்சி, மேல வெச்சிருக்காரு."

வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

"நீதான் பெரிய லேப்ல கீறியே. அது டூப்புன்னு நம்பர் போட்டுக் காட்டு. நீ சொன்னா கேப்பாரு. நான் சொன்னா, உனக்கு இன்னா தெரியும்னுட்டு எய்ந்து போயிடறாரு."

அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். எனக்குள் அப்போது ஓடியது வேறு. வேற்று ஆட்களிடம் ஒத்திகை பார்த்து முடித்துவிட்டேன், இப்போது சொந்த வீட்டிலேயே மேடை. லேபில் பழசாகி ஒதுக்கி வைத்திருந்த சின்னத் தராசை அன்று மதியமே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். ஒரு பக்கெட் தண்ணீர், தராசு, நூல். மாமா மூட்டையைப் பிரித்தார். நல்லெண்ணெய் வாசனை அடித்தது. பளபளப்பு வரட்டும் என்று மணிகளை எண்ணெயில் புரட்டி வைத்திருக்கிறார். ஒரு பகுதியைப் பாலில் வேறு ஊறப்போட்டு 'உரு ஏற்றி' இருந்தார். பாலில் ஊறியவை உப்பி, சாயம் கலைந்து, கெட்டுப்போன நாவல் பழத்தைப் போல ஆகியிருந்தன.

"மாமா, கருங்காலி ஊறுமா? உலக்கைய பால்ல ஊறப்போட்டா புட்டு மாதிரி ஆயிடுமா?"

"அது கொஞ்சம் எளசான கருங்காலியா இருக்கும்."

"எளசான கருங்காலியாம். முருங்கக்காயா இது?"

அக்கா சிரிக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று எடுத்து எடை போட்டேன். ஊறியதும் ஊறாத சாய மரமும் பக்கெட்டில் மிதந்தன, அவற்றைத் தராசில் ஏற்றவே இல்லை. பளபளப்பானது ஒன்று புள்ளி நான்கு, பிசின். மூட்டையின் அடியில் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தது மட்டும் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது. அது மெய்யாகவே கருங்காலி. சிமென்ட் தரையில் போட்டால் கோலிக்குண்டைப் போல டிங்கென்று குதித்தது. விற்றவன் மாமாவுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த சாம்பிளாம், அதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவு தாராள மனது.

"பாத்தியா மாமா. பூராவும் சிவப்பு அட்ட. இத்த வெச்சிகினு வேலய வுடுவியா?"

மாமா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடும் என்று காத்திருந்தேன். மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பாப்பா, இத்த கடையில வெச்சா இன்னா?"

"எத்த?"

"இந்தத் தராச. கஸ்டமரு கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டறது. கோயில் தெருவுல எவன்கிட்டயாச்சும் இது கீதா? போர்டு போட்டுடலாம், லேப் டெஸ்டட்னு. நல்ல சரக்கா கொஞ்சம் புடிச்சி, நீ லீவு நாள்ல ஒரு ரெண்டு மணி நேரம் வந்து உக்காந்தீன்னா போதும். வெள்ள கோட்டு கீதில்ல உங்கிட்ட?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைத் தராசில் வைத்திருந்தால் தராசு உடைந்திருக்கும். தடுக்கச் சொல்லி அழைக்கப்பட்டவள் கையாலேயே கடைக்குத் திறப்புவிழா நடந்துகொண்டிருந்தது. பொய்யைப் பொய் என்று நிரூபித்தால் ஆள் திருந்துவான் என்ற என் நம்பிக்கையும் ஒருவகைத் தாயத்துதான் போலிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தராசே வாணாம் மாமா. வியாபாரின்னா கையே தராசா இருக்கணும். ஒரே சைஸ் மணி ரெண்டு தரேன். கண்ண மூடிக்கினு எது நெஜம், எது சாயம்னு சொல்லு. சொல்லிட்டீன்னா நானே உனக்கு போர்டு எழுதித் தரேன். இல்லன்னா பேச்சே எடுக்கக் கூடாது."

"போடு. இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"மொதல்ல அக்கா செய்யட்டும்."

அக்கா வேண்டாவெறுப்பாகக் கண்ணை மூடிக் கையை நீட்டினாள். கருங்காலிக்கும் சாய மரத்துக்கும் எடையில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம். எண் எதுவும் வேண்டாம், குழந்தைக்கே தெரியும். ஐந்து தரம் மாற்றி மாற்றி வைத்தேன், ஐந்தும் சரியாகச் சொன்னாள். விரலால் உருட்டிப் பார்த்து, "இது சில்லுனு கீதுடி, அது சொரசொரன்னு கீது" என்று கூடுதலாக வேறு சொன்னாள். மடியிலிருந்த குழந்தையும் விளையாட்டு என்று கையை நீட்டி, கனமானதை எடுத்து, "இதான்" என்றது.

மாமா முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக விரல்களுக்கிடையில் கொடுத்தேன். முதல் தரம் தப்பு. இரண்டாம் தரமும் தப்பு. மூன்றாவதில் மணி விரலிலிருந்து நழுவி விழுந்து தொட்டியடிக்கு ஓடியது.

எனக்குக் கொண்டாட்டம். "நாலு வயசுப் பொண்ணுக்குத் தெரியுது! கட தெறக்கறாராம் கட! கஸ்டமரு கல்லக் குடுத்துட்டு மணிய எடுத்துகினு போனாலும் தெரியாது உனக்கு."

"எண்ண கீதில்ல, வழுக்குது பாப்பா."

"எங்களுக்கும் அதே எண்ணதான். கண்ணத் தொறக்காத, இன்னொரு தபா."

இந்த முறை மணியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நானே அந்த விரல்களைச் சேர்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். மணி அங்கேயே நின்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டு புன்னகையோடு காத்திருந்தார்.

"வெய்யி பாப்பா. இன்னும் வெக்கலயே."

நான் சிரிக்கத் தொடங்கினேன், நடிக்கிறார் என்று. அக்கா சிரிக்கவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து வந்து மாமாவின் முன்னால் குந்தினாள். விரல்களுக்கு நடுவில் மணி இருந்தது. அவள் அதை நகத்தால் லேசாகத் தட்டினாள்.

"இப்ப?"

"இப்பவும் இன்னா? வெய்யி."

அக்கா அவர் விரல் நுனியைத் தன் நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். தோலில் பள்ளம் விழுந்தது. மாமா அசையவில்லை. "கண்ணத் தொற" என்றாள்.

திறந்து பார்த்தார். தன் விரலுக்கு நடுவில் மணியைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் கையை மடக்கி லுங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

"எப்பத்துலேந்து?" என்றாள் அக்கா.

கீழே தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறேழு மாசமா கீது. மொதல்ல சாயங்காலம் மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சி. இப்ப இந்த மூணு வெரலும் காலைலயே மரத்துப்போயிடுது. கன்னு ஒதறுதில்ல, ஒரு நாளைக்கு எத்தினி நட்டு. நட்டு கீழ வுயுது. ரெண்டு தபா லைன் நின்னுச்சி, என்னால. கை ஆவாதுன்னு தெரிஞ்சிட்டா அன்ஃபிட்னு எய்தி வெளிய அனுப்பிடுவானுங்க. எத்தினி பேரப் பாத்துட்டேன். அவன் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நாமளே போயிட்டா மரியாதயா இருக்கும்னுதான்."

"அப்ப இந்தக் கட்ட?"

"கருங்காலி மரமரப்ப இய்த்துடும்னு இத்த வித்தவன் சொன்னான். காப்பு போட்டேன். கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சி. அப்பறம் இத்தயே வித்தா இன்னான்னு…"

என் கையில் அந்தத் தராசு இருந்தது. பிசினுக்கும் மரத்துக்கும் இரண்டாம் தசம இடம் வரை எண் போட்டு வித்தியாசம் கண்டுபிடித்தவள். ஒரே வீட்டில், ஒரே பாத்திர அலமாரிக்கு முன்னால், தினமும் அவரோடு நின்றவள். இரண்டு மாதமாக அவர் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்து, "பெர்மனென்ட் ஆனதும் தொரை ஆயிட்டாரு" என்று கிண்டல் செய்தவளும் நான்தான்.

அக்கா அழவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். "கட்டயக் கட்டிகினா கை வருமா? என்னாண்ட சொன்னா இன்னா? வாயில இன்னா, அதுவும் மரத்துப்போச்சா?" என்று அவரிடம் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடி? நம்பர் போட்டுக் காட்டுன்னா, கெக்கெக்கேன்னு சிரிச்சிகினு உக்காந்துகினு. லேப்ல உன்ன இதுக்குத்தான் வெச்சிருக்காங்களா?"

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் கை சிக்கிய ஒருவர், விஷயத்தை மெடிக்கல் ரூம் ரெஜிஸ்டரில் எழுதவிடாமல் தானே ராஜினாமா கொடுத்துப் போனார். அதன்பிறகு அந்தக் கை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"பேப்பர் போட்டா மாமா, அந்தக் கை உன்னோட பிரச்சன. போடாம போயி ரெஜிஸ்டர்ல எய்துனா, அது அவங்க பிரச்சனயும்தான். லைன்ல கன்னு புடிச்சித்தான் இப்படி ஆச்சுன்னு எய்தணும். அதான் மொதல்ல."

"எய்துனா பேரு கெட்டுடும் பாப்பா."

"ஆறு வருஷம் கான்ட்ராக்ட்ல நல்ல பேரு எடுத்தியே," என்றாள் அக்கா, "அந்தப் பேரா இப்ப நட்டு முறுக்குது?"

அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பேச்சுதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. திங்கள் காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மடிப்பு வெளியே தெரிந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. "எதக் குடுக்கறதுன்னு நீயே பாரு" என்று டிபன் பையை மட்டும் கொடுத்தாள்.

எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். பதினோரு மணிக்கு அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

மெடிக்கல் ரூம் வாசலில் நின்று பேசினார். உள்ளே டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "ஜிம்முக்குப் போறீங்களா? மொபைல் அதிகமா பாப்பீங்களா?" என்று கேட்டாராம். வலி ஸ்பிரே அடித்துவிட்டாராம். உணர்ச்சியே இல்லாத விரலுக்கு வலி ஸ்பிரே! அடித்து முடித்ததும் டாக்டரின் பார்வை காப்பின் மேல் விழுந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். படித்த அந்த மனிதர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "கருங்காலியா? ஒரிஜினலா? எங்க வாங்கினீங்க?" என்று விசாரித்தாராம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அப்பறம் இன்னா ஆச்சு, அத்த சொல்லு" என்றாள் அக்கா.

நர்ஸ் ரெஜிஸ்டரில் 'கைவலி, பொது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். மாமா போடவில்லை. லைனில் யார் எந்த ஓவர்டைமுக்குக் கூப்பிட்டாலும் மறுபேச்சு பேசாத மனிதர். சூப்பர்வைசர் திட்டினால் தலையைக் குனிந்து சிரிக்கிறவர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது பொது இல்ல சிஸ்டர். சரியா எய்துங்க, அப்பறம் போடறேன்" என்று அங்கேயே நின்றிருக்கிறார். பின்னால் இரண்டு பேர் காய்ச்சல் மாத்திரைக்குக் காத்திருந்தார்களாம். சூப்பர்வைசருக்குப் போன் போயிருக்கிறது. அவரும் வந்து, "இன்னா தகராறு, வா லைனுக்கு" என்றிருக்கிறார். மாமா நகரவில்லை. அரை மணி நேரம். கடைசியில் நர்ஸ் உள்ளே போய் டாக்டரைக் கேட்டு வந்து, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார்.

"அந்த லெட்டரு?" என்றாள் அக்கா.

"பையிலதான் கீது. அத்த வுடு. எய்துனத போட்டோ புடிச்சிகினேன். படிக்கறேன் கேளு." இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அர்த்தத்தைத் தமிழில் சேர்த்து வாசித்தார். நட்டு முறுக்கும் ஸ்டேஷன். வலது கை. மூன்று விரல். உணர்ச்சி இல்லை. வேலையினால் ஏற்பட்டது என்று தொழிலாளி தெரிவிக்கிறார். நரம்பு பரிசோதனைக்கு வெளியே அனுப்பவும். அதுவரை கன் வேலை வேண்டாம்.

அதற்குப் பின்னால் என்னென்னவோ நடந்தது. அந்தப் பரிசோதனைக்கு மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். ஹெச்.ஆரிலிருந்து இரண்டு முறை அழைத்து, நீங்களாகப் போய்விட்டால் நல்லவிதமாக முடித்துக்கொள்ளலாம் என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். நீல அட்டை இன்னும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு மணி மாலையும். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று போனில் வாசித்து முடித்ததும் மாமா, "அவ்ளோதான்" என்றார். அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டாள், ஸ்பீக்கரில் போட்டிருந்தும்.

"இன்னொரு தபா படி" என்றாள். "மெதுவா."